கடைசியாக வந்த மாத்திரை

தெலேசியாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் புறம் பேசுவதாக யாரும் நினைக்க வேண்டாம். அவள் முகத்துக்கு நேராகவே பல தடவை சொல்லியிருக்கிறேன், "உன்னைவிடவா ரூத்தா?" என்று அவளும் திருப்பிக் கேட்டிருக்கிறாள். எங்கள் அப்பாக்கள் அண்ணன் தம்பி. லொத்தோவாய் ஊர் ஆஸ்பத்திரியில், அதாவது இரண்டு கட்டிலும் ஒரு தராசும் போட்ட அறையில், நான் நர்ஸ். அவள் காலையில் பஸ் ஏறித் தலைநகர் ஆப்பியாவுக்குப் போய், ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறவள்.

முன்பு டெலிபோன் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவளையும் குறைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கம்ப்யூட்டர் தெரிந்த, பொறுமையான ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. கம்ப்யூட்டர் அவளுக்குத் தெரியும். பொறுமையைப் பற்றி அவர்கள் ஊரில் யாரிடமும் விசாரிக்கவில்லை போலிருக்கிறது, வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் தீவில் வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய். வீட்டுக்கு வீடு அதற்கு ஓர் இலை வைத்தியமும் உண்டு. அந்த இலைகளிலும் பட்டைகளிலும் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று படித்தவர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் விட்டு, எது உதவக்கூடும் என்று சலித்துப் பார்ப்பதுதான் இவள் வேலை. தேறினதை மட்டும் பிறகு நிஜமான கண்ணாடிக் குழாயில் போட்டுப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் குழாயில் போட ஆரம்பித்தால் யாருடைய ஆயுசும் போதாது.

"இலையைக் கண்ணால பாக்காத டப்பாவுக்கு இலையைப் பத்தி என்னடி தெரியும்?" என்று ஒருநாள் பஸ்ஸில் அவளிடம் கேட்டேன். எங்கள் பஸ்ஸில் இடமில்லை என்ற பேச்சே கிடையாது. உட்கார்ந்திருப்பவர் மடியில் அடுத்தவர் உட்காருவார். அன்றைக்கு நான் அவள் மடியில் இருந்தேன்.

"வயித்துக்குள்ள கிழங்கைச் சர்க்கரையா உடைக்கிற ஆள் ஒருத்தன் இருக்கான்னு வெச்சுக்கோ" என்றாள். "அவன்கிட்ட ஒரு பள்ளம் இருக்கு, இந்த சீட்டு மாதிரி. கிழங்கு வந்து அதுல உட்கார்ந்தாத்தான் அவன் உடைப்பான். நம்ம இலைச் சரக்கு முந்திக்கிட்டு உட்கார்ந்துட்டா கிழங்குக்கு இடம் இல்ல. சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். யாரு எவ்வளவு இறுக்கமா உட்கார்றாங்கன்னு கம்ப்யூட்டர் பாத்து மார்க் போடும்."

"எழுப்பவே முடியாதபடி உட்கார்ந்தா நல்ல மார்க்கா?"

"ஆமா. நீ இப்ப உட்கார்ந்திருக்கிற மாதிரி. கொஞ்சம் நகரு தாயே, கால் மரத்துப்போச்சு."

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மார்க் மைனஸில் வரும். எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவு உசத்தி. எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படி மார்க் போட்டிருந்தால் நான் நர்ஸாக நின்றிருக்க மாட்டேன், டாக்டராகவே ஆகியிருப்பேன்.

இதையெல்லாம் தெலேசியா தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும். அவளா வைத்துக்கொள்கிறவள்? பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, இன்றைக்கு எந்த இலை முந்தியது, எது பிந்தியது என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள். எங்கள் ஜனங்களுக்குப் படகுப் பந்தயம் என்றால் உயிர். எங்கள் ஊர்ப் படகு தோற்ற வருஷம் பெரியவர்கள் கூடச் சாப்பிடாமல் படுத்ததுண்டு. அப்படிப்பட்டவர்கள் காதில் முந்தியது பிந்தியது என்று போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு குடும்பமும் தன் இலையைப் படகாக நினைத்துக்கொண்டது. "எங்க கொய்யா எப்படிப் போகுது?" என்று ரோட்டில் நிறுத்திக் கேட்டார்கள். கேட்டவர்களுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்கு மீனும் வந்தது. மீனை அவள் வாங்கிக்கொண்டாள், மார்க்கை மாற்றவில்லை. அந்த மட்டும் நேர்மைதான்.

எங்கள் ஊர் மருத்துவச்சி ஃபுவத்தினோ மட்டும் மூன்று வாரம் இவளோடு பேசவில்லை. அவளுடைய பட்டை நடுவில் எங்கேயோ வந்துவிட்டது.

"மரத்துல எந்தப் பக்கத்துப் பட்டைன்னு உன் மெஷின் கேட்டுச்சா?" என்று கடைசியில் சர்ச் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கேக்கலயே."

"சூரியன் படற பக்கமா, படாத பக்கமான்னு கேட்டுச்சா?"

"அதுவும் கேக்கல."

"அப்புறம் என்னத்தைக் கிழிச்சுது? நாங்க மரத்துக்குச் சொல்லிட்டு எடுக்கிறோம், நீ மரத்தையே பாக்காம மார்க் போடற!" என்று சொல்லிவிட்டு ஃபுவத்தினோ விசிறியை வேகமாக வீசிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதோடு தெலேசியாவின் கழுத்து வலிக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும் நின்றது. நாள் முழுக்கக் கம்ப்யூட்டரைப் பார்க்கிறவளுக்கு அது பெரிய இழப்பு.

இது வரைக்கும் சிரிப்புதான். இனி பெத்தேலோவைச் சொல்ல வேண்டும்.

பெத்தேலோ தெலேசியாவின் தம்பி. குடும்பத்தின் தலைவர் பட்டத்தை ஏற்றவன், ஊர்ச் சபையில் எங்களுக்காகப் பேசுகிறவன். குரல் மேடை இல்லாமலே கடற்கரை வரை கேட்கும். ஆளும் அதற்கேற்ற ஆள். சர்க்கரையும் அதற்கேற்ற சர்க்கரை. அவர்கள் அப்பா இதே நோயில் ஒரு காலை இழந்து, ஒற்றைக் காலோடுதான் குழிக்குள் போனார். அதனால் பெத்தேலோ மாத்திரை போட்டுக்கொண்டிருந்தான். விருப்பத்தோடு போடவில்லை, என் வாய்க்குப் பயந்து போட்டான், எப்படியோ போட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அவன் வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். சுட்ட கிழங்கு, தேங்காய்ப் பாலில் வெந்த கீரை, டின் மாட்டிறைச்சி, பன்றி. பெத்தேலோ அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, இந்த வாரம் யாரு முன்னாடி?"

"உன் வீட்டு வாசல்ல நிக்குதே நாட்டு வாதுமை, அதுதான். மத்ததெல்லாம் கிட்டக்கூட வரல."

வீடே கைதட்டியது. பெத்தேலோ எழுந்து வாசல் மரத்தைப் பார்த்துத் தலை வணங்கினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்ப என் மாத்திரை? அதையும் உள்ள விட்டுப் பாக்கறதுதானே?"

"விட்டுப் பாத்தேனே! வேலை ஒழிஞ்சிருந்துச்சு, விளையாட்டுக்கு விட்டேன்."

"எங்க வந்துச்சு?"

"கடைசி!" என்றாள் தெலேசியா, கையில் கிழங்கோடு. "சுத்தமாக் கடைசிடா தம்பி!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். எனக்கு வாய் நிறையக் கீரை. அதை விழுங்கிவிட்டு நான் கேள்வி கேட்பதற்குள் பேச்சு பன்றிக்குப் போய்விட்டது.

வேறு தேசத்தில் இப்படி ஒரு பேச்சு சாப்பாட்டோடு ஜீரணமாகியிருக்கும். எங்களில் அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் இருப்பது ஓர் உடன்படிக்கை. கூடப்பிறந்தவள் வாயிலிருந்து வருவது தம்பிக்கு வெறும் செய்தி இல்லை. அவள் வாழ்த்தினால் பலிக்கும், சபித்தால் அதுவும் பலிக்கும். அவள் ஒன்றை உயர்த்திச் சொல்லிவிட்டால் அதை எடுப்பதும், தாழ்த்திச் சொல்லிவிட்டால் அதை விடுவதும் தம்பியின் மரியாதை. அதனால்தான் நல்ல அக்காமார் தம்பிக்கு முன்னால் யோசித்துப் பேசுவார்கள். தெலேசியா நல்ல அக்காதான், யோசிக்கிற அக்கா இல்லை.

மறுநாளிலிருந்து பெத்தேலோ வீட்டில் பெரிய அண்டாவில் வாதுமை இலை கொதித்தது. பழுத்து விழுந்த சிவப்பு இலைகளைப் பேரப்பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். பாட்டில் பாட்டிலாகப் பாஸ்டர் வீட்டுக்கும் சபைப் பெரியவர்களுக்கும் போனது. எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். நான் தராசைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெத்தேலோ மீன் பிடிக்கப் போனபோது பவளப்பாறை காலில் கிழித்தது. சின்னக் கீறல். அவன் சொல்லவில்லை. கோயிலில் அவன் நொண்டுவதைப் பார்த்து நான்தான் பிடித்து உட்கார வைத்துக் கட்டை அவிழ்த்தேன். நாற்றம் மூக்கைத் துளைத்தது. சர்க்கரை பார்த்தேன், மெஷினில் எண்ணுக்குப் பதிலாக 'அதிகம்' என்று மட்டும் வந்தது. எண் காட்ட அதற்கே வெட்கம் போலிருக்கிறது.

"மாத்திரை போடறியா?" என்றேன்.

"இலைத் தண்ணி குடிக்கிறேன்."

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அக்கா சொன்னதை நீயும்தானே கேட்டே ரூத்தா? கடைசின்னு சொன்னாங்க."

"அவ சாப்பிட்டுக்கிட்டே உளறினதுடா அது!"

"என் அக்கா உளற மாட்டாங்க" என்றான் பெத்தேலோ. கோபத்தோடு சொல்லவில்லை, பெருமையோடு சொன்னான். எனக்கு அப்போது வந்த ஆத்திரத்தில் அவனை அறைந்திருப்பேன். ஊர்ப் பட்டம் வைத்திருக்கிறவனை அறைந்தால் என் குடும்பம் பன்றி அறுத்து அபராதம் கட்ட வேண்டும்.

அன்றைக்கே தெலேசியாவிடம் போய், இருக்கிற வார்த்தையெல்லாம் போட்டுத் திட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"கடைசிதான் ரூத்தா, பொய் சொல்லல" என்றாள் அழாத குறையாக. "ஆனா அந்த மாத்திரை இந்தப் பள்ளத்துக்கு வர்ற ஆளே இல்ல. அது ஈரல்ல போய் வேலை பாக்குது. வேற பஸ்ஸுல போறவனை இந்த பஸ்ஸுல தேடிட்டு, ஆளைக் காணோம்னு சொன்னா எப்படி?"

"அதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன?"

"எல்லாரும் சிரிச்சாங்களே!"

"சரி, அந்த வாதுமை?"

தெலேசியா தலையைச் சொறிந்தாள். "அதுல இருக்கிற சரக்கு ரொம்பக் குண்டு. குண்டா இருந்தா சீட்டை நிறைச்சுக்கிட்டு உட்காரும், மார்க் அள்ளும். பெரிசு எப்பவும் முன்னாடி வரும், அதை நம்பாதேன்னு வேலைக்குச் சேர்ந்தப்பவே எங்க மேலதிகாரி அம்மா சொல்லிக் கொடுத்தாங்க. வயித்துக்குள்ள போனா அது அப்படியே முழுசா இருக்குமான்னுகூட இன்னும் யாருக்கும் தெரியாது."

விருந்தில் இதையெல்லாம் சொன்னால் ருசிக்காது என்று விட்டுவிட்டிருக்கிறாள்.

அவள் தம்பி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் விளக்கினாள். பஸ், சீட்டு, குண்டு ஆள், ஈரல், எல்லாம். பெத்தேலோ தரையில் சம்மணமிட்டுத் தலை குனிந்து கேட்டான். அக்காவுக்கு எவ்வளவு அடக்கம் என்று வியந்துபோனான். மரம் தன் தம்பி வாசலில் நிற்பதால் அதன் பெருமையை அக்கா குறைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டான். "மாத்திரையைப் போடு" என்று அவள் நேராகவே சொன்னாள். அவன் மறுக்கவில்லை, வாயில் போட்டான். மறுநாள் நான் அவன் காலுக்குக் கட்டுப் போடப் போனபோது வாசல் பூந்தொட்டியில் மாத்திரைகள் முளைக்காமல் கிடந்தன. என் கெடுபிடிக்குப் பயந்து அக்கா அப்படிச் சொல்கிறாள் என்று அவனாக முடிவு கட்டியிருக்கிறான். ஆசீர்வாதத்தை யாராவது திருப்பி வாங்குவார்களா என்று என்னையே கேட்டான்.

ஆப்பியா பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் காலைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: சர்க்கரை இறங்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதுதான்.

வீடு திரும்பியதும் தெலேசியா நேராகப் போய்ப் பெட்டியைத் திறந்து, அவள் கல்யாணத்துக்கு வந்த சன்னப் பாயை எடுத்தாள். பட்டுத் துணியைவிட மெல்லியது, குடும்பத்தின் மானம் மாதிரி வைத்திருப்போம்.

"என்னடி பண்ணப் போற?"

"இஃபோங்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு குடும்பத்தான் இன்னொரு குடும்பத்தானைக் கொன்றுவிட்டால், பெண்ணின் மானத்தைக் கெடுத்துவிட்டால், அப்போது செய்வது அது. குற்றம் செய்தவர்கள் பாயைப் போர்த்திக்கொண்டு அந்த வீட்டு வாசலில் மண்டியிட்டுக் குனிந்திருப்பார்கள். முன்னால் கல்லும் விறகும் இருக்கும். எங்களைச் சுட்டுத் தின்றாலும் உங்கள் இஷ்டம் என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. கூடப்பிறந்த தம்பிக்கு அக்கா மண்டியிட்டதாக நான் கதையில்கூடக் கேட்டதில்லை.

"ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். ஊருக்கு முன்னாடிதானே சொன்னேன்."

விடிந்ததும் போனோம். நானும்தான். அவளை மட்டும் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. பாய்க்கு அடியில் இரண்டு பெரிய பெண்கள் என்றால் நினைத்துப் பாருங்கள். வெயில் ஏற ஏற உள்ளே அடுப்பு மாதிரி ஆயிற்று.

"தெலேசியா, என் முட்டி போச்சு."

"உன்னை யாரு வரச் சொன்னா?"

"உன்னை நாய் கடிச்சா ஊசி போட ஆள் வேண்டாமா? ஐயோ, இந்தா, நாயே வந்துடுச்சு. மோந்து பாக்குது."

"அசையாதே. அழுகிற மாதிரி இரு."

"மாதிரி என்னடி மாதிரி, நிஜமாவே அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெளியே ஆட்கள் கூடும் சத்தம் கேட்டது. சுவரில்லாத வீடுகள், ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் ஆசி சொல்கிற ஊர். யாரைக் கொன்றுவிட்டாள் தெலேசியா என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். ஃபுவத்தினோவின் குரல் தனியாகக் கேட்டது. "என்ன, மெஷின் யாரையாவது கடிச்சிடுச்சா?" அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அதற்குப் பிறகு கம்பு ஊன்றி ஊன்றி ஒருவர் வரும் சத்தம் கேட்டது. ஒரு கால் இழுபட்டது.

"அக்கா!" பெத்தேலோவின் குரல்தான். "எந்திரிங்க அக்கா! என்ன காரியம் இது? ஊரு பாக்குது!"

பாயை அவன் விலக்கினான். முறைப்படி அதோடு எழுந்துவிட வேண்டும். நான் எழுந்துவிட்டேன், முட்டி அப்படி. தெலேசியா எழவில்லை. தலையைக் குனிந்தபடி, ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்:

"நான் தப்பாச் சொல்லிட்டேன் பெத்தேலோ. பந்தயத்துக்கே வராத ஆளைக் கடைசின்னு சொன்னேன். உன் மரம் முன்னாடி வந்ததும் வெறும் உடம்பை வெச்சுத்தான். எல்லாரும் கேளுங்க, அது மருந்துன்னு கம்ப்யூட்டர் சொல்லல. குழாயில போட்டுப் பாருங்கன்னு மட்டும்தான் சொல்லுச்சு. மருந்துன்னு சொன்னது என் வாய்."

"சரி அக்கா, எந்திரிங்க. நான் கேட்டுக்கிட்டேன்."

"மாத்திரையைக் கொண்டு வரச் சொல்லு. நீ முழுங்கினதும் எந்திரிக்கிறேன்."

சபையில் யாரையும் பேச்சில் மடக்குகிறவன், வீட்டைப் பார்த்துக் கையை மட்டும் காட்டினான். அவன் மனைவி மாத்திரையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டான். அவசரத்துக்கு அண்டாவில் இருந்த இலைத் தண்ணீர்தான் கிடைத்தது. அதையே ஊற்றிக்கொண்டு விழுங்கினான்.

"வாயைத் திற" என்றேன் நான். "நாக்கைத் தூக்கு. அந்தப் பக்கம். கன்னம்."

ஊரே கழுத்தை நீட்டி அவன் வாய்க்குள் பார்த்தது. ஃபுவத்தினோ ரொம்ப நெருங்கிப் பார்த்தாள்.

"போயிடுச்சு" என்று நான் சொன்ன பிறகுதான் தெலேசியா எழ முயன்றாள். கால் மரத்து எழ முடியவில்லை. பெத்தேலோ கம்பைப் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான்.

"நான் கம்ப்யூட்டரு பேச்சைக் கேட்டு மாத்திரையை நிறுத்தல அக்கா" என்றான் மெதுவாக. அவனுக்கு மெதுவாகப் பேசத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "நீங்க சொன்னீங்க. நீங்க கடைசின்னு சொன்னதை நான் எப்படி வாயில வைப்பேன்?"

தெலேசியா அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சத்தமாகவே அழுதாள், அவளுக்கு எதுவும் சின்னதாக வராது. நான் நாயைத் துரத்துவதாகப் பேர் பண்ணி அந்தப் பக்கம் போய் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்த வாரத்திலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து, சும்மா எடை பார்க்க வந்ததாகச் சொல்லி மாத்திரை வாங்கிப் போனார்கள்.

பெத்தேலோவுக்குக் காலில் இரண்டு விரல் போயிற்று, கால் தப்பியது. வாதுமைச் சரக்கு குழாய்க்குப் போயிருக்கிறது, இன்னும் ஒன்றும் தெரியவில்லையாம். தெலேசியாவின் கழுத்துக்கு ஃபுவத்தினோ மறுபடி எண்ணெய் தேய்க்கிறாள், கொஞ்சம் அழுத்தமாகவே தேய்க்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இப்போதும் யாராவது, யார் முன்னாடி என்று ஆரம்பிப்பார்கள். தெலேசியா ஒரு முழுக் கிழங்கை எடுத்து வாயில் வைத்துக்கொள்வாள். பெத்தேலோ மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அக்காவிடம் நீட்டுவான்.

"இதுதானே அக்கா?"

அவள் கிழங்கை விழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்து, அப்புறம்தான் பதில் சொல்வாள்.

"இதுதான்டா."